வில்லன் என்பவன் யார்?

வில்லன் என்றால் யார் என்று நம்மில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் ஆளைக் கண்டுபிடித்து விடுவோம். பி.எஸ். வீரப்பா சிரித்த சிரிப்பும், எம்.என். நம்பியார் கையைப் பிசைந்த விதமும் நம் ஜனங்களுக்கு மனப்பாடம். பொய்ப் பத்திரம் எழுதுபவன், நம்பினவன் கழுத்தை அறுப்பவன், ஏழைப் பெண்ணின் மானத்துக்கு விலை பேசுபவன், அவன்தான் வில்லன். இன்று ஊர்ப் பேச்சிலும் இந்தச் சொல் புகுந்துவிட்டது. ஒருவனை "பெரிய வில்லன்" என்றால், அவனை நம்பிக் காசு கொடுக்காதே என்று அர்த்தம்.

இது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். அங்கேயும் அயோக்கியன் என்பதுதான் பொருள். ஆனால் ஆதியில் இந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் கிடையாது. வில்லன் என்றால் பண்ணையாள். பிரபுவின் நிலத்தை உழுது, விதைத்து, அறுத்து, விளைச்சலை அவன் களஞ்சியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுக் குடிசைக்குத் திரும்பியவன். அவனுடைய பெயர்தான் வில்லன்.

ஏர் பிடித்தவனின் பெயர் ஏமாற்றுக்காரனின் பெயராக மாறியது எப்படி? இது பண்டிதர்களின் சமாச்சாரம், நமக்கென்ன என்று ஒதுக்கிவிட முடியாது. யார் திருடன், யார் யோக்கியன் என்ற வழக்கு இதற்குள் இருக்கிறது. தீர்ப்பு எழுதியவன் எஜமானன். அந்தத் தீர்ப்பைத்தான் அகராதி இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறது. வழக்கை நாம் மறுபடியும் விசாரித்துப் பார்ப்போம்.

வில்லாவின் ஆள்

பழைய ரோமாபுரியின் லத்தீன் மொழியில் 'வில்லா' என்றால் கிராமத்துப் பண்ணை வீடு. அதைச் சேர்ந்த நிலபுலன்கள். இன்று கடற்கரையோரத்தில் பணக்காரர்கள் கட்டும் பங்களாவுக்கு 'வில்லா' என்று பெயர் வைக்கிறார்களே, அதே சொல்தான். அந்த வில்லாவைச் சேர்ந்த உழவனுக்குப் பிற்கால லத்தீனில் 'வில்லானஸ்' என்று பெயர். இது பிரெஞ்சு மொழிக்குப் போய், அங்கிருந்து இங்கிலாந்துக்கு வந்தது. ஒரே வேரிலிருந்து இன்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. வீட்டுக்காரனின் சொல் கௌரவமாக இருக்கிறது. அந்த வீட்டுக்கு உழைத்தவனின் சொல் வசவாகிவிட்டது.

1066-ல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் படையெடுத்துப் பிடித்தான். பிடித்த நாட்டில் எவ்வளவு வரி கறக்கலாம் என்று தெரிய வேண்டாமா? 1086-ல் நிலம், ஏர், மாவு அரைக்கும் ஆலை, ஆட்கள் என்று எல்லாவற்றையும் கணக்கெடுத்தான். 'டூம்ஸ்டே புத்தகம்' என்று அதற்குப் பெயர். அதில் பதிவான ஆட்களில் ஏறக்குறைய 10-ல் 4 பேர் 'வில்லானஸ்' வகையைச் சேர்ந்தவர்கள். அந்தத் தேசத்துக்குச் சோறு போட்ட கூட்டத்தில் இவர்களே பெரிய பிரிவு.

அடுத்து வந்த நூற்றாண்டுகளில் சட்டம் இவர்களை மேலும் மேலும் இறுக்கியது. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அறுப்புக் காலத்தில் அதற்கு மேலும் உழைக்க வேண்டும். தன் கதிர் வயலில் கொட்டிப் போனாலும் பிரபுவின் கதிரை முதலில் அறுக்க வேண்டும். மகளுக்குக் கல்யாணம் செய்யப் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். வில்லீன் செத்தால், அவனிடம் இருந்த மாடுகளில் நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போவான். தானியத்தைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும். அரைத்ததில் ஒரு பங்கை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். பிரபுவின் அனுமதியில்லாமல் பண்ணையை விட்டுப் போகக்கூடாது. பிரபு அநியாயம் செய்தால் அவன் மேல் ராஜாவின் கோர்ட்டில் வழக்குப் போடவும் முடியாது. வில்லீனிடம் இருக்கும் பொருள் எல்லாமே சட்டப்படி பிரபுவின் பொருள்.

தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயத் தொழிலாளிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அவனுடைய பாட்டன் கதையைக் கேட்டாலே போதும்.

பெயர் கெட்ட கதை

இப்படிப்பட்டவனை எஜமானன் எப்படிப் பார்த்தான்? சேறு பூசியவன், படிக்காதவன், நாகரிகம் தெரியாதவன் என்று பார்த்தான். வில்லன் என்ற சொல் முதலில் 'பட்டிக்காட்டான்' என்று இறங்கியது. பிறகு 'அற்ப புத்திக்காரன்' என்று இறங்கியது. கடைசியில் 'எந்தக் குற்றத்துக்கும் அஞ்சாத அயோக்கியன்' என்று வந்து நின்றது. 19-ஆம் நூற்றாண்டில் நாடகத்திலும் நாவலிலும் வரும் கெட்ட பாத்திரத்துக்குப் பெயராயிற்று. அங்கிருந்து சினிமாவுக்கு வந்தது. சினிமாவிலிருந்து நம்மிடம் வந்தது. பண்ணையாளைக் குறிக்கும் சட்டச் சொல்லை 'வில்லீன்' என்றும், அயோக்கியனை 'வில்லன்' என்றும் எழுத்தை மாற்றி இன்று தனித்தனியாக எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

இது ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்த விபத்தல்ல. 'நேவ்' என்று இன்னொரு ஆங்கிலச் சொல் உண்டு. வஞ்சகன், பித்தலாட்டக்காரன் என்று பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அதற்குப் 'பையன்' என்பதுதான் பொருள். ஜெர்மன் மொழியில் 'க்னாபே' என்ற அதன் உறவுச் சொல்லுக்கு இன்றும் பையன் என்றுதான் பொருள். பையன் என்ற சொல் வீட்டு வேலைக்காரப் பையனைக் குறித்தது; வேலைக்காரனைக் குறித்தது; பிறகு மோசக்காரனைக் குறித்தது. நாம் சீட்டாடும்போது 'ஜாக்கி' என்கிறோமே, அந்தச் சீட்டுக்கு ஆங்கிலத்தில் பழைய பெயர் இதுதான். ராஜாவுக்கும் ராணிக்கும் கீழே நிற்கும் வேலைக்காரன். ராஜாவும் ராணியும் பெயர் கெடாமல் இருக்கிறார்கள். வேலைக்காரன் பெயர் மட்டும் மோசக்காரன் பெயராகிவிட்டது.

இனி எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். 'ஜென்டில்மேன்' என்றால் நாணயஸ்தன், பெரிய மனிதன் என்று நாமும் சொல்கிறோம். அதன் வேர் 'நல்ல குலத்தில் பிறந்தவன்' என்பது. குணத்துக்கும் அதற்கும் ஆதியில் சம்பந்தம் இல்லை. 1583-ல் அச்சான ஒரு நூலில் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரி ஜென்டில்மேனுக்கு அடையாளம் சொல்கிறார். உடலுழைப்பில்லாமல் சும்மா இருந்து வாழக் கூடியவனும், அந்தத் தோரணையைக் காப்பாற்றக் கூடியவனும் ஜென்டில்மேன்! அதே போல, தாராள மனம் என்று பொருள்படும் 'ஜெனரஸ்' என்ற சொல்லும் உயர்குலப் பிறப்பைக் குறித்த சொல்தான். ஒளிவுமறைவில்லாதவன் என்று பொருள்படும் 'பிராங்க்' என்ற சொல், பிரான்ஸைப் படையெடுத்துப் பிடித்து ஆண்ட பிராங்க் இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது. பிடிபட்டவர்களின் நாட்டில் பிடித்தவன்தானே சுதந்திரமானவன்!

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். உழைப்பவனைக் குறித்த சொற்கள் மோசடியைக் குறிக்கின்றன. உழைக்காதவனைக் குறித்த சொற்கள் நாணயத்தைக் குறிக்கின்றன. பேனா யார் கையில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கூலி கேட்டது துர்ப்புத்தியாம்

சொல்லை விட்டு நடப்புக்கு வருவோம். உண்மையில் ஏமாற்றியவன் யார்?

1348, 1349-ல் இங்கிலாந்தில் பிளேக் நோய் வந்தது. ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாண்டு போனார்கள். ஊர் ஊராக நிலம் தரிசாகக் கிடந்தது. அறுக்க ஆளில்லை. உயிர் பிழைத்த தொழிலாளி முதல் தடவையாக நிமிர்ந்து நின்று, இவ்வளவு கொடுத்தால் வருகிறேன் என்று சொன்னான். சரக்கு குறைந்தால் விலையை ஏற்றுவது வியாபாரிக்கு நியாயம். ஆள் குறைந்தபோது கூலி ஏற்றிக் கேட்பது தொழிலாளிக்கு நியாயமாகாதா?

ஆகாது என்றது சர்க்கார். 1349-ல் ஓர் உத்தரவு, 1351-ல் ஒரு சட்டம். பிளேக் வருவதற்கு முன்பிருந்த கூலிக்கு மேல் யாரும் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. நிலமில்லாதவன் யார் கூப்பிட்டாலும் வேலைக்குப் போக வேண்டும், மறுத்தால் சிறை. வைக்கோல் உலர்த்தும் வேலைக்கு நாளொன்றுக்கு 1 பென்னி, அறுப்புக்கு ஆகஸ்டு முதல் வாரத்தில் 2 பென்ஸ், அடுத்த வாரத்தில் 3 பென்ஸ் என்று கூலியைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். கீழ்ப்படிய மறுப்பவனைக் காலில் கட்டை மாட்டி உட்கார வைக்க ஒவ்வோர் ஊரிலும் தொழுமரம் செய்து வைக்கச் சொன்னார்கள்.

அந்தச் சட்டத்தின் முகவுரையைக் கவனிக்க வேண்டும். ஏன் இந்தச் சட்டம் என்பதற்குக் காரணம் சொல்லும்போது, வேலைக்காரர்களின் துர்ப்புத்தியை அடக்குவதற்காக என்று எழுதினார்கள். நல்ல கூலி கேட்டவன் துர்ப்புத்திக்காரன்! இன்றைக்கும் போனஸ் கேட்டால் பேராசை என்கிறார்கள். வேலைப் பளுவைக் குறைக்கச் சொன்னால் வேலைக்கள்ளன் என்கிறார்கள். இந்த வசவுகளுக்கு வயது ஒன்றிரண்டல்ல, கிட்டத்தட்ட 700 ஆண்டுகள்.

1381: வாக்குத் தவறியது யார்?

பிரான்ஸோடு நடந்த யுத்தத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. தலைவரி போட்டார்கள். 15 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தலைக்கும் 12 பென்ஸ் என்று 1380-ல் பார்லிமெண்டு ஒப்புக்கொண்டது. சட்டம் சொன்ன கூலிப்படி வைக்கோல் உலர்த்துகிறவனுக்கு அது 12 நாள் சம்பாத்தியம். 1381 மே கடைசியில் எஸ்ஸெக்ஸ் கிராமங்கள் வரி வசூலிக்க வந்தவர்களைத் துரத்தின. கெண்ட் பகுதி எழுந்தது. வாட் டைலர் தலைமை தாங்கினார். ஜான் பால் என்ற ஏழைப் பாதிரியார், கடவுள் யாரையும் அடிமையாகப் படைக்கவில்லை, அடிமைத்தனம் மனிதர் செய்த அநியாயம் என்று ஜனங்களிடம் பிரசங்கம் செய்தார். ஜூன் 13-ஆம் தேதி உழவர் படை லண்டனுக்குள் நுழைந்தது.

ராஜாவின் சித்தப்பாவான ஜான் ஆப் கான்ட் பிரபுவுக்குச் சாவாய் மாளிகை என்று ஒன்று இருந்தது. ஜனங்கள் அதைக் கொளுத்தினார்கள். ஆனால் ஒரு சாமானையும் யாரும் எடுக்கக்கூடாது என்பது கட்டளை. வெள்ளிச் சாமான் ஒன்றை ஒளித்து எடுத்த தங்கள் ஆளையே, நாங்கள் திருடர்களல்ல என்று சொல்லி நெருப்பில் தள்ளினார்கள் என்று அந்தக் காலத்து மடத்துத் துறவி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். எழுதியவர் கலகக்காரர்களின் சிநேகிதர் அல்ல, அவர்களை வெறுத்தவர். அந்தத் தண்டனை கொடூரம்தான். அந்த நாட்களில் அநியாயக் கொலைகளும் நடந்தன. பிழைக்க வந்த பிளெமிஷ் நெசவாளிகளையும் கொன்றார்கள். இதையெல்லாம் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கொள்ளைக்கு வந்த கூட்டம் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

ஜூன் 14-ஆம் தேதி மைல் எண்ட் என்ற இடத்தில், 14 வயது ராஜா இரண்டாம் ரிச்சர்டு அவர்களைச் சந்தித்தான். அவர்கள் கேட்டது என்ன? பண்ணையடிமைத்தனம் ஒழிய வேண்டும். ஏக்கருக்கு 4 பென்ஸ் குத்தகை. சம்மதித்து ஒப்பந்தம் செய்துகொண்ட வேலையைத் தவிர வேறு வேலை வாங்கக்கூடாது. ராஜா சரி என்றான். எழுத்தில் சாசனம் கொடுத்தான். ராஜாவின் வாக்கை நம்பிப் பல்லாயிரம் பேர் ஊருக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் ஸ்மித்பீல்டில் ராஜாவோடு பேச வந்த வாட் டைலரை லண்டன் மேயர் வால்வொர்த் வெட்டினான். அவர் தலையை லண்டன் பாலத்தில் நட்டார்கள். ஜூலை 2-ஆம் தேதி செம்ஸ்போர்டில் ராஜா தன் சாசனங்களை ரத்து செய்தான். ஜூலை 15-ஆம் தேதி செயின்ட் ஆல்பன்ஸில் ஜான் பாலைக் கொன்றார்கள். தந்த வாக்கைக் காப்பாற்றும்படி கேட்கப் போன எஸ்ஸெக்ஸ் உழவர்களிடம், நீங்கள் அடிமைகளாக இருந்தீர்கள், அடிமைகளாகவே இருப்பீர்கள் என்ற கருத்தில் ராஜா பதில் சொன்னதாகச் சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இப்போது சொல்லுங்கள். எழுதிக் கொடுத்து ஏமாற்றியவன் யார்? எழுத்தை நம்பி ஏமாந்தவன் யார்? வாக்குத் தவறியவனின் சொல் 'ஜென்டில்மேன்' என்று கௌரவமாக நிற்கிறது. நம்பி வீடு திரும்பியவனின் பெயர்தான் 'வில்லன்' என்று கெட்டது.

அதே செயின்ட் ஆல்பன்ஸில் நடந்த இன்னொரு விஷயமும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஊர் ஒரு மடத்துக்குச் சொந்தம். ஜனங்கள் தங்கள் வீட்டில் திருகையில் அரைத்துக்கொண்டால் மடத்து ஆலைக்கு வரும்படி குறையுமல்லவா? அதனால் 1381-க்குச் சுமார் 50 ஆண்டுகள் முன்னால் மடாதிபதி வீடு வீடாகத் திருகைகளைப் பறித்து, அந்தக் கற்களைத் தன் மடத்தின் கூடத்தில் தரையாகப் பாவிவிட்டார். 1381-ல் ஜனங்கள் உள்ளே புகுந்து அந்தக் கற்களைப் பெயர்த்து, உடைத்து, கோயில் பிரசாதத்தைப் போல ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போனார்கள். ஏழை வீட்டுத் திருகையை எடுத்தவர் திருடரா, தன் பாட்டி அரைத்த கல்லை மீட்டவன் திருடனா?

கப்பலேறி வந்த பட்டம்

கலகம் நசுக்கப்பட்டது. ஆனால் பண்ணையடிமைத்தனம் அதற்குப் பிறகு நிமிரவில்லை. வில்லீன்கள் கேட்ட கூலி கிடைக்காத பண்ணையை விட்டு நடந்தார்கள். பழைய ஊழியத்தைச் செய்ய மறுத்தார்கள். 1600-க்குள் அந்த முறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அடிமைத்தனம் போயிற்று, வசவு மட்டும் தங்கிவிட்டது.

வசவை ஒரு கூட்டத்துக்கே பட்டமாகச் சூட்டும் வழக்கம் வெள்ளைக்கார சர்க்காரோடு நம் நாட்டுக்கும் வந்தது. இங்கேயும் ஒரு சொல்தான் ஆரம்பம். இந்தியிலும் மராத்தியிலும் 'டக்' என்றால் ஏமாற்றுக்காரன். அதை வெள்ளைக்காரர்கள் எடுத்து, வழிப்போக்கரைக் கழுத்தை நெரித்துக் கொல்லும் கூட்டங்களுக்குப் பெயராக்கினார்கள். ஆங்கில அகராதியில் 'தக்' என்று ஏறியது. அப்படிப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று காட்டினாலே போதும், ஆயுள் தண்டனை என்று 1836-ல் சட்டம் போட்டார்கள். என்ன குற்றம் செய்தான் என்பதைத் தனியாகக் காட்ட வேண்டியதில்லை. யாரைச் சேர்ந்தவன் என்பதே குற்றமாயிற்று.

அதே வழியில் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. பிறப்பாலேயே திருடன்! 1911-ல் புதுச் சட்டமாகி அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அறிவிக்கப்பட்ட சாதியில் பிறந்தவன் கைரேகை வைக்க வேண்டும். போலீசுக்குச் சொல்லாமல் ஊர் தாண்டக்கூடாது. இரவில் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் ஜனங்கள் ரேகை வைக்க மறுத்தபோது, 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி.

இந்தச் சட்டத்தின் பின்னால் உழைப்பைக் கறக்கும் கணக்கும் இருந்தது. சோலாப்பூரில் குற்றப் பரம்பரை என்று முகாமில் அடைத்தவர்களைப் பஞ்சாலை வேலைக்கு அனுப்பினார்கள். திருடன் என்று முத்திரை குத்தி அடைத்து வைத்தால், ஆள் எங்கும் ஓட முடியாது. இங்கிலாந்துப் பிரபு பண்ணையில் செய்ததும் இதைத்தானே? சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் சீர்மரபினர் வீட்டுப் பிள்ளையைப் பழைய முத்திரையோடு பார்க்கும் கண்கள் இன்னும் ஒழிந்தபாடில்லை.

நம் நாக்கைப் பற்றி

வெள்ளைக்காரன் மொழியை மட்டும் குறை சொல்லி நிறுத்திவிட்டால் அது நேர்மையாகாது. கெட்டவனைக் 'கீழ்மகன்' என்று நம் தமிழிலும் சொல்லி வைத்திருக்கிறார்கள். கீழே இருப்பவன் எப்படிக் கெட்டவன் ஆனான்? நெல் அளக்கும்போது மரக்காலில் கையை வைத்தவன் மேலே இருந்தவனல்லவா? கோபம் வந்தால் சக தொழிலாளியை அவன் சாதியைச் சொல்லியோ, அவன் தகப்பன் செய்த வேலையைச் சொல்லியோ நம்மில் சிலர் திட்டுகிறார்கள். அப்போது பேசுவது நம் வாய், ஆனால் பேச்சு எஜமானனுடையது. அந்தப் பழக்கத்தை ஆலை வாசலிலும் களத்து மேட்டிலும் விட்டொழிக்க வேண்டும்.

இன்னொரு காரியமும் இருக்கிறது. 1381-ல் ஊர் ஊராக உழவர்கள் பண்ணைக் கணக்குச் சுருள்களைத் தேடி எரித்தார்கள். தங்கள் அடிமைத்தனம் அந்தச் சுருள்களில் எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். எஜமானனின் எழுத்தை எரித்தார்கள். தங்கள் எழுத்தை விட்டுச்செல்ல அவர்களுக்கு வகையில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர்களில் மிகச் சிலர். அதனால்தான் அவர்கள் கதையைக்கூட இன்று நாம் அவர்களுடைய விரோதிகள் எழுதியதிலிருந்து பொறுக்கியெடுக்க வேண்டியிருக்கிறது.

நம் நிலைமை அப்படியில்லை. நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். சங்கத்தில் நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எந்த வருஷம் எந்தக் கூலிக்கு ஒப்புக்கொண்டார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள், எந்த மாதம் வாக்குத் தவறினார்கள், வேலைநிறுத்தத்தில் நம் ஆட்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையெல்லாம் தேதியோடு எழுதி வையுங்கள். பெரியவர்கள் வாயால் சொல்லும் பழைய போராட்டங்களை, அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். நாம் எழுதாவிட்டால் நம்மைப் பற்றி எதிரி எழுதுவான். அவன் என்ன பெயர் வைப்பான் என்பதை வில்லன் என்ற ஒரு சொல்லே சொல்லிவிட்டது.

ஒரு வேடிக்கையோடு முடிப்போம். நம் தமிழ்ப் படங்கள் பலவற்றில் வில்லனாக வருபவர் யார்? பண்ணையார். பண்ணையாளின் பெயரைப் பிடுங்கி அயோக்கியனுக்குச் சூட்டியது அந்தக் காலத்து எஜமான வர்க்கம். சுற்றிச் சுற்றி அந்தப் பெயர் இங்கே வந்து பண்ணையாரின் தலையிலேயே உட்கார்ந்துகொண்டது. அதை அங்கே உட்கார வைத்தது எந்த அகராதிக்காரனும் அல்ல. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, யார் ஏமாற்றுகிறவன் என்று சொந்த அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்த நம் ஜனங்கள். சொல்லுக்குப் பொருள் கொடுக்கும் சக்தி நம்மிடமும் இருக்கிறது, தோழர்களே. பேனாவையும் கையில் எடுத்துக்கொள்வோம்.